கையுறைக்குள் ஒளிந்திருந்த புரதம்

கிள்ளானை அடுத்த மேரு வட்டாரத்தில் கையுறைத் தொழிற்சாலைகள் பல இயங்குகின்றன. அவற்றுள் பீங்கானால் செய்த ஆயிரக்கணக்கான கை அச்சுகள் சங்கிலியில் தொங்கியவாறு ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கும், பிறகு ரப்பர் பாலில் முங்கும், வெந்நீரில் அலசப்படும், வெப்ப அறைக்குள் புகுந்து வெளிவரும். அப்போது ஒவ்வோர் அச்சின் மீதும் மெல்லிய கையுறை ஒன்று படிந்திருக்கும். தோட்டப்புறத் தமிழர்கள் விடியற்காலையில் உளியோடு சென்று மரம் சீவி, மங்குகளில் சேர்த்த அதே பால்தான் இத்தொழிலை வளர்த்தது. 1980களின் இறுதியில் அந்தப் பாலின் மீதே ஒரு குற்றச்சாட்டு எழுந்தது.

எய்ட்ஸ் நோய் பரவியதால், 1987ஆம் ஆண்டு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மருத்துவப் பணியாளர்களுக்குப் புதிய அறிவுரை வழங்கியது. எந்த நோயாளியின் இரத்தத்தைத் தொட நேர்ந்தாலும் கையுறை அணிய வேண்டும் என்பதே அது. கையுறைகளின் தேவை கிடுகிடுவென உயர்ந்தது. மலேசியாவில் புதிய தொழிற்சாலைகள் முளைத்தன. ஆனால், சில ஆண்டுகளிலேயே தாதியரும் பல் மருத்துவர்களும் அறுவை மருத்துவர்களும் முறையிடத் தொடங்கினர். கையுறை அணிந்த சில நிமிடங்களில் தோலில் அரிப்பும் தடிப்பும் தோன்றின. சிலருக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் வந்தன. ரப்பரால் ஆன மருத்துவக் கருவிகளால் உயிரிழப்பும் நேர்ந்ததால், 1991இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. பல்லாண்டு பயின்று தாதியானவர் கையுறையால் வேலையை விட வேண்டிய நிலை. மறுபுறம், ரப்பரை நம்பி வாழும் நாட்டுக்குச் சந்தையே கைநழுவிப் போகும் நிலை.

கையுறை அணிந்தவருக்குத் தோல் சிவந்தால் அது ஒவ்வாமைதான் என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. வியர்வை, சோப்பு, கையுறைத் தூள் ஆகியவை வெறும் எரிச்சலைத் தரலாம். அதில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கில்லை. உண்மையான ஒவ்வாமையோ இரு வகைப்படும். ஒன்று மெதுவாக வருவது; மற்றொன்று உடனே தாக்குவது.

மெதுவாக வருவதற்குக் காரணம் பாலன்று. ரப்பரை விரைவில் உறுதியாக்குவதற்காகக் கந்தகத்தோடு தையூரம், கார்பமேட் போன்ற வேதிப்பொருள்களும் பாலில் கலக்கப்படுகின்றன. இவற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. தோலுக்குள் நுழைந்து அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. தோலில் காவல் காக்கும் லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்கள் அந்த மாற்றத்தை உணர்ந்து, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் செய்தி கொண்டு செல்கின்றன. அங்கே சில வெள்ளணுக்கள் அப்பொருளைப் பகைவனாகப் பதிவு செய்துகொள்கின்றன. இதற்குப் பல நாள்கள் ஆகும். வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. அடுத்த முறை அதே பொருள் தோலில் படும்போது, நினைவு வைத்திருந்த வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. ஒன்றிரண்டு நாள்களில் தோல் சிவந்து, கொப்புளித்து, வெடிக்கிறது. இத்தனை நாள் ஒன்றும் செய்யாத பொருள் இன்று எப்படிக் கெடுதல் செய்யும் என்று பலர் வியப்பதன் காரணம் இதுதான். பதிவான நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற இடங்களில் திருவிழாக் காலத்தில் மருதாணி இட்டுக்கொள்வோர் பலர். செம்மருதாணியால் ஒவ்வாமை வருவது அரிது. கருமை ஏற்றுவதற்காகத் தலைமுடிச் சாயப் பொருளைக் கலந்த ‘கருப்பு மருதாணி’யால் மேற்சொன்ன அதே மெதுவான ஒவ்வாமை ஏற்படலாம். பிற்காலத்தில் முடிக்குச் சாயம் பூசும்போது முகமே வீங்கிப்போகவும் கூடும்.

காரணமான பொருளைக் கண்டறிய ஒட்டுச் சோதனை உதவுகிறது. இதனை 1895இல் யாடாசோன் எனும் தோல் மருத்துவர் அறிமுகப்படுத்தினார். ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கின்றனர். ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்க்கின்றனர். எந்த இடம் சிவந்து தடித்திருக்கிறதோ, அங்கு ஒட்டிய பொருளே காரணம். நூற்றாண்டு கடந்தும் இந்த எளிய சோதனைக்கு ஈடாக வேறொன்று வரவில்லை.

சில நிமிடங்களில் தாக்கும் ஒவ்வாமையின் மூலம் வேறு. ரப்பர் பாலில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு புரதம் உண்டு. அவற்றுள் சில, ரப்பர் உருவாக உதவுகின்றன. ஹெவீன் எனும் புரதமோ மரத்தின் காயத்தை அடைத்து, பூஞ்சைகளிடமிருந்து காக்கிறது. மரம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் பொருளே மனிதருக்குப் பகையானது. இதே போன்ற புரதம் வாழைப்பழத்திலும் வெண்ணெய்ப் பழத்திலும் இருப்பதால், ரப்பர் ஒவ்வாமை உள்ள சிலருக்கு அவற்றைத் தின்றாலும் வாய் அரிக்கும்.

1925இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கோலாலம்பூரிலும் சுங்கை பூலோவிலும் செயல்பட்டு வந்தது. விளைச்சல் தரும் மரவகைகளை உருவாக்கிப் பெயர் பெற்ற அதன் அறிவியலாளர்கள், இப்போது புரதங்களின் பக்கம் திரும்பினர். இயாங் ஹூங் யீட் போன்றோர் ஒவ்வாமை தரும் புரதங்களைப் பிரித்து ஆராய்ந்தனர். உலக அறிவியலாளர்கள் இப்புரதங்களுக்கு மரத்தின் அறிவியல் பெயரையொட்டி ‘ஹெவ் பி 1’, ‘ஹெவ் பி 3’ என்று வரிசையாகப் பெயரிட்டனர். கையுறையிலிருந்து கரைந்து வரும் புரதத்தின் அளவைக் கணக்கிடும் முறைகளும் உருவாயின.

அளக்க முடிந்ததும் வழியும் புலப்பட்டது. வெந்நீரில் நன்றாக அலசினால் புரதம் பெருமளவு வெளியேறிவிடும். அவசரத் தயாரிப்பில் சுருங்கிப்போவதும் இந்த அலசல்தான். கையுறை எளிதில் நுழைய உதவும் மாவுத்தூளும் சிக்கலைப் பெருக்கியது. தூள் புரதத்தை உறிஞ்சிக் காற்றில் பறந்ததால், கையுறை அணியாதவருக்கும் மூச்சிரைத்தது. குறைந்த புரதமுள்ள கையுறைகளுக்கு மலேசியா தனித் தரச்சான்று வழங்கத் தொடங்கியது. ஜெர்மனி மருத்துவமனைகள் தூளற்ற கையுறைகளுக்கு மாறியதும் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்கா தூள் பூசிய மருத்துவக் கையுறைகளை முற்றாகத் தடை செய்தது.

இன்று கிள்ளான் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் கையுறைகளுள் பல மரப்பாலால் ஆனவையல்ல. நைட்ரைல் எனும் செயற்கை ரப்பரால் ஆனவை. அவற்றில் மரத்தின் புரதம் இல்லை. ஆனால், ரப்பரை உறுதியாக்கும் வேதிப்பொருள்கள் அவற்றுள் பலவற்றில் இன்னும் உள்ளன. நைட்ரைலுக்கு மாறிய பின்னரும் கை வெடிக்கிறது என்று வரும் தாதியிடம், மருத்துவர் எந்த வகைக் கையுறை என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. அணிந்து எத்தனை நேரம் கழித்து அரித்தது என்றும் கேட்கிறார்.