வெயிலில் திணறும் அறுவடை இயந்திரம்... கூடுதல் ஆயில் கூலர் கைகொடுக்குமா?

டெல்டாவில் சம்பா அறுவடை நேரத்தில், பெல்ட் வகை அறுவடை இயந்திரங்களுக்கு ஓய்வே இருக்காது. காலையில் நன்றாக ஓடிய வண்டி, உச்சி வெயிலில் ஈர வயலுக்குள் இழுவை குறைந்து திணறும். சற்று ஆறவிட்டால் மறுபடி ஓடும். கதிர் சாய்ந்து, மேகமும் திரண்டிருக்கும் நாளில் இந்தத் தாமதம் விவசாயிக்குப் பெரிய இழப்பு.

இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் ஹைட்ரோஸ்டேடிக் டிரான்ஸ்மிஷன்தான் இருக்கிறது. பம்ப் தள்ளும் எண்ணெயின் அழுத்தத்தில் மோட்டார் சுழன்று வண்டி நகர்கிறது. சேற்றில் பாரம் கூடும்போது எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகும். பம்புக்கு உள்ளேயே கசிவு அதிகமாகி இழுவை குறையும். எண்ணெய் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் சீல்களும் சீக்கிரம் கெட்டுவிடும்.

இதற்குத் தீர்வாகச் சிலர் கூடுதல் ஆயில் கூலர் மாட்டுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஏற்கெனவே உள்ள கூலரின் இடுக்குகளில் வைக்கோல் தூசி அடைத்திருக்கிறதா, எண்ணெய் அளவு சரியா, ஃபில்டர் மாற்றி எவ்வளவு நாளாகிறது, பெல்ட்டில் சேறு இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, காற்று உள்ளே வரும் திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து கம்ப்ரஸரால் ஊதினாலே பல வண்டிகளில் சூடு குறைந்துவிடும்.

அதன்பிறகும் சூடு குறையாவிட்டால் கூலர் மாட்டலாம். எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் குறைந்த அழுத்த லைனில்தான் இணைக்க வேண்டும். உயர் அழுத்த லைனைத் தொடக் கூடாது. ஹோஸ் பழைய லைனைவிடக் குறுகலாக இருந்தால், பம்புக்குள் அழுத்தம் ஏறி சீல் பிதுங்கிவிடும். கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் நெருக்கி வைத்தால் இன்ஜின் சூடாகும். தனி ஃபேனுடன், தூசி குறைவாகப் படும் இடத்தில் பொருத்துவது நல்லது. ஹோஸ் சைலென்சரிலோ சுழலும் பாகங்களிலோ உரசக் கூடாது. கழற்றிய முனைகளில் மண் போகாமல் மூடி வைக்க வேண்டும்.

புதிய கூலரும் ஹோஸும் எண்ணெயை நிரப்பிக்கொள்ளும் என்பதால், வண்டியைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, அளவு பார்த்து, கம்பெனி சொல்லும் எண்ணெயையே ஊற்ற வேண்டும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அட்டையைக் காட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.

வாரன்டி உள்ள வண்டியாக இருந்தால், டீலரிடம் கேட்ட பிறகே கைவைக்க வேண்டும். வாடகைக்கு அழைப்பவர்களும், கூலரைச் சுத்தம் செய்தாயிற்றா என்று வண்டி வயலில் இறங்கும் முன்பே டிரைவரிடம் கேட்டுவிடுவது நல்லது.