வளர்ப்பு எலிக்கு ஏன் கட்டி வருகிறது?

மலாக்காவின் ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எலி என்றால் பழக்குலையைக் கடிக்கும் எதிரி. தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி கட்டி வைப்பதே அதைப் பிடிக்கத்தான். மலாக்கா நகர வீட்டுக் கூண்டில் இருப்பதோ வேறு இனம்: ஆய்வுக்கூட எலியின் உறவான பழுப்பெலி. ஆயுள் 2 முதல் 3 ஆண்டுகள்.

வயதான பெண் எலியின் அக்குளில் ஒருநாள் சிறு உருண்டை தட்டுப்படும். பெரும்பாலும் அது மார்பகக் கட்டிதான். எலிக்கு 6 ஜோடி முலைக்காம்புகள். பால்சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை பரவியிருக்கிறது. சூலகத்தின் ஈஸ்ட்ரோஜனும் பிட்யூட்டரியின் புரோலாக்டினும் அதை ஓயாமல் தூண்டுகின்றன. அதனால்தான் இளவயதிலேயே சூலகத்தை அகற்றினால் இந்தக் கட்டி வெகுவாகக் குறைகிறது.

பெரும்பாலானவை பரவாத நார்ச்சுரப்பிக் கட்டிகள். விரலால் தள்ளினால் தோலுக்கடியில் வழுக்கி நகரும். ஆனாலும் வளர்ந்துகொண்டே போய் நடையை முடக்கும். சிறிதாக இருக்கும்போதே அறுவை செய்வது நல்லது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே அறுவைக்கு முன் நாய், பூனையைப் போல இரவு முழுக்கப் பட்டினி போட வேண்டாம். மயக்கம் தெளியும்வரை உடல் குளிராமல் காக்க வேண்டும்.

அறுவை தாங்காத கிழ எலிக்குக் கூண்டின் மேல்தட்டை எடுத்துவிட்டு, மெத்தென்ற துணி விரித்து, தண்ணீரைத் தாழ்வாக வையுங்கள். வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்: கட்டி பெருக்கும்போது மொத்த எடை மாறாமல் இருந்தால், உடம்பு இளைக்கிறது என்று பொருள்.