இருபத்தோராவது மூட்டை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றி வரும் லாரி முதலில் ஏறுவது எடை மேடையில்தான். அறைக்குள் இண்டிகேட்டரில் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும். அந்த எடை ஒரு கன்வெர்ட்டர் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். கேபிளில் வருவதைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கும் சின்ன மென்பொருளுக்குப் பெயர் டிரைவர். ஒரு மாலை நான் அங்கே நின்றிருந்தபோது திரை சட்டென்று நீலமாகிவிட்டது. பின்னால் ஏழு லாரிகள்.

"தம்பி, மெஷின்லதான் எடை காட்டுதே, அதையே எழுதிக் குடுப்பா" என்றார் ஓட்டுநர்.

"கம்ப்யூட்டர் சீட்டு இல்லாம கேட்ல விட மாட்டாங்கண்ணே" என்றார் எடை போடும் பையன்.

மறுநாள் வந்த மெக்கானிக், கன்வெர்ட்டர் கேபிளின் டிரைவர்தான் கோளாறு என்றாராம். அதற்குள் அந்த ஓட்டுநர் ஒரு இரவை கேபினிலேயே கழித்திருந்தார்.

அதே நீலத்தை உலகமே பார்த்த நாள் 2024 ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. 10.57-க்குத் திரும்பப் பெற்றுவிட்டது. அந்த 78 நிமிடங்களில் விழுந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

நடந்த பிழை மிகச் சிறியது. 21 தகவல்களை ஒப்பிட்டுப் பார்க்கும்படி புதுக் கோப்பு கேட்டது. க்ரவுட்ஸ்ட்ரைக்கின் டிரைவரிடம் வந்து சேர்ந்திருந்தவை 20. சீட்டில் 21 மூட்டை, லாரியில் 20 என்றால் நம் லோடுமேன் நின்று கேட்பார். இந்த டிரைவர் கேட்கவில்லை. இல்லாத இருபத்தோராவது மூட்டைக்காக, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கைவைத்தது.

சாதாரண மென்பொருள் இப்படிச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் ஓடுவதோ கெர்னலில், இயங்குதளத்தின் கருவறையில். அங்கே ஒன்று எல்லை தாண்டினால் எது கெட்டது, எது கெடவில்லை என்று விண்டோஸுக்குத் தெரியாது. தரவு பாழாவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று நின்றுவிடும். இந்த டிரைவர் கம்ப்யூட்டர் எழும்போதே சேர்ந்து எழுவது. ஆகவே மறுபடி எழுந்தவை மறுபடி விழுந்தன. பெரும்பாலானவற்றுக்கு ஆள் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் 2019-லேயே சொல்லியிருந்தது. சி, சி++ மொழிகள் எல்லையைத் தாமாகப் பார்ப்பதில்லை. எழுதுபவர்தான் பார்க்க வேண்டும். ரஸ்ட் மொழி தானே பார்க்கும். லினக்ஸ் தன் கெர்னலில் அதற்கு இடம் கொடுத்தது 2022 டிசம்பரில், 6.1 பதிப்பில். மொழி மாறினால் போதும் என்று நான் நினைக்கவில்லை. எண்ணிக்கை பொருந்தாதபோது என்ன செய்வது என்பதை மனிதர்தான் யோசித்து எழுத வேண்டும். கருவறைக்குள் போகும் எதையும் முதலில் பத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு பத்தாயிரத்துக்குப் போக வேண்டும். படிப்படியாக அனுப்பும் முறையை க்ரவுட்ஸ்ட்ரைக் அடிபட்ட பிறகுதான் அந்தக் கோப்புகளுக்கும் கொண்டுவந்தது. தாமதம் என்பதைவிட அலட்சியம் என்றே இதைச் சொல்வேன்.

கும்மிடிப்பூண்டி எடை மேடைக்கு அவசரமாக அப்டேட் அனுப்புபவர் யாரும் இல்லை. அங்கே சிக்கல் தலைகீழ். கன்வெர்ட்டரோடு வந்த சிடியில் என்ன இருந்ததோ அதுவே இன்றைக்கும் ஓடுகிறது. விற்றவர் போன் எடுப்பதில்லை. பையன் மேஜை டிராயரைத் திறந்து அந்த சிடியைக் காட்டினார். கீறல் விழுந்திருந்தது. அதன் அடியில், கார்பன் தாளோடு, ஒரு பழைய சீட்டுப் புத்தகம்.