கண்ணாடித் தகட்டில் பழுப்புக் கறை

தென்னைக்குப் பேர்போன பாகான் டத்தோவில் ஒரு பெண்ணின் மார்பில் கட்டி தென்பட்டால், ஊசியால் எடுத்த சிறு துணுக்கு ஃபார்மலினில் மூழ்கி நோயியல் கூடத்துக்குப் போகும். அதில் ஊறும் நேரம் 6 மணிக்குக் குறையவும் கூடாது, 72-ஐத் தாண்டவும் கூடாது. பெரிய மருத்துவமனைகளுக்குத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

துணுக்கை மெழுகில் பதித்து, சுமார் 4 மைக்ரான் கனத்தில் சீவுகிறார்கள். அதன்மேல் ஊற்றும் எதிர்ப்பொருள், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதம் இருந்தால் மட்டுமே ஒட்டும். எதிர்ப்பொருளுக்கு நிறம் கிடையாது. அதோடு சேர்த்த பெராக்சிடேஸ் நொதிதான் சாயத்தைப் பழுப்பாக்குகிறது. முற்றிய தேங்காய் நாரின் நிறம். நொதியைக் கொண்டு நிறமூட்டும் இந்த வழியை 1966-இல் நகானேயும் பியர்ஸும் காட்டினார்கள். அதற்கு முன் 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் சாயத்தைப் பயன்படுத்தியிருந்தார்.

புற்றணுக் கருக்களில் நூற்றுக்கு ஒன்று பழுப்பானாலே ‘பாசிட்டிவ்’. தமாக்சிஃபென் மாத்திரை பலன் தர வாய்ப்புண்டு. இதே முறையில் பார்க்கும் ஹெர்2 என்ற இன்னொரு புரதத்துக்கு 0 முதல் 3+ வரை மதிப்பெண். 3+ என்றால் டிராஸ்டுசுமாப் மருந்தை யோசிப்பார்கள். 2+தான் இழுபறி, மரபணுச் சோதனையும் வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சோதனை நடந்திருந்தால், அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.