கடற்கரைக்கான உலோகங் கண்டறியும் கருவி

கடற்கரைக்கான உலோகங் கண்டறியும் கருவி (மெட்டல் டிடெக்டர்) என்பது, உப்புநீரில் ஊறிய மணலில் புதைந்துள்ள நகை, நாணயம் போன்ற உலோகப் பொருள்களை மின்காந்த முறையில் காட்டித் தரும் கருவியாகும். வயலிலும் தோப்பிலும் நன்றாக வேலை செய்யும் கருவி, கடலோரத்தில் ஓயாமல் பொய்யொலி எழுப்பக்கூடும். எனவே கடற்கரைக்கு உரிய கருவியைத் தேர்ந்தெடுக்க, உப்புநீரின் தன்மையை முதலில் அறிய வேண்டும்.

தேவை

திருவாரூர் மாவட்டத்தின் கூத்தாநல்லூர் போன்ற உள்நாட்டு ஊர்களிலிருந்து மக்கள் நாகூர், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார் கடற்கரைகளுக்குச் செல்வது வழக்கம். ஆடி அமாவாசையன்று வேதாரண்யம், கோடியக்கரை, பூம்புகார் ஆகிய இடங்களில் பெருங்கூட்டம் கடலாடுகிறது. அலையின் இழுப்பில் தாலிச்சங்கிலி, தோடு, கொலுசு, மெட்டி நழுவிவிடுவதுண்டு. தூய தங்கத்தின் அடர்த்தி 19.3, மணல் துகளின் அடர்த்தி ஏறத்தாழ 2.65. ஆகையால் அலை கலக்கும் மணலில் நகை விரைவாகக் கீழே இறங்கிவிடும். கையால் துழாவிக் கண்டெடுப்பது அரிது.

செயல்படும் முறை

கருவியின் அடியில் உள்ள வட்டச் சுருளில் மாறும் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதனால் எழும் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டின் உடலில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இவ்வகைக் கருவியைப் பயன்படுத்தினார். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. இரண்டாம் உலகப்போரில் கண்ணிவெடிகளைத் தேடும் பணியில் இக்கருவி பெரிதும் வளர்ந்தது.

உப்புநீர் ஏன் தடையாகிறது?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. அதனால் கடல்நீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மணல் முழுவதும் ஒரு பெரிய மெல்லிய உலோகத் தகடு போலக் கருவிக்குத் தோன்றும். அதன் எதிரொலி மெல்லிய தங்கச் சங்கிலியின் எதிரொலியை ஒத்திருக்கிறது. உப்பின் ஒலியை அடக்கும்படி கருவியைத் திருத்தினால் சங்கிலியும் சேர்ந்து மறைந்துவிடும். தேர்வின் அடிப்படைச் சிக்கல் இதுவே. அலை ஒதுக்கும் கருமணலில் உள்ள இரும்புக் கனிமங்களும் இடையூறு செய்யும்.

மூன்று வகைகள்

ஒற்றை அதிர்வெண் வகை: விலை குறைவு, உலர்மணலுக்கு ஏற்றது. உப்பின் தொல்லை அதிர்வெண்ணுடன் கூடுவதால், ஈர மணலில் குறைந்த அதிர்வெண்ணே ஓரளவு அமைதியாக இருக்கும். ஆனால் குறைந்த அதிர்வெண்ணில் சிறு தங்கப் பொருள்கள் எளிதில் தவறிப்போகும்.

துடிப்பு வகை: மின்னோட்டத்தைச் சிறு துடிப்புகளாக அனுப்பி, நிறுத்தியபின் எஞ்சும் எதிரொலியைக் கேட்கிறது. உப்புநீரின் எதிரொலி சில மைக்ரோ நொடிகளில் அடங்கிவிடும். உலோகத்தின் எதிரொலி பெரும்பாலும் அதைவிட நீடிக்கும். எனவே இது கடல்நீருக்குள்ளும் கருமணலிலும் அமைதியாக வேலை செய்யும். ஆணியையும் தங்கத்தையும் பிரித்துக் காட்டாதது இதன் குறை. ஒலித்த இடமெல்லாம் தோண்ட வேண்டும்.

பல அதிர்வெண் வகை: ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் கேட்டு, உப்புக்குரிய பங்கைக் கணக்கிட்டு நீக்குகிறது, உலோகத்தையும் ஓரளவு பிரித்துக் காட்டும். விலை கூடுதல். இருப்பினும் உலர்மணல், ஈரமணல், அலைவாய் மூன்றுக்கும் ஒரே கருவி வேண்டுவோருக்கு இதுவே பொருத்தம்.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

நாகப்பட்டினம் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நீர் வற்றினாலும் அகன்ற மணல்வெளி தோன்றுவதில்லை. குளிப்போர் நகை இழக்கும் இடம் பெரும்பாலும் நீருக்குள்ளேயே இருக்கும். ஆகவே சுருள் மட்டுமின்றி, மின்கலப் பெட்டியும் நீர்புகாததாக இருக்க வேண்டும். ‘நீர்புகாதது’ என்ற சொல் சில கருவிகளில் சுருளை மட்டுமே குறிக்கும்; எத்தனை மீட்டர் ஆழம் வரை என்பதைக் கேட்டறிதல் நன்று.

தேடும் பொருளின் வடிவமும் முக்கியம். மோதிரம், மெட்டி போன்ற மூடிய வளையங்களில் சுழல் மின்னோட்டம் நன்றாக ஓடும். சங்கிலியில் அது ஒவ்வொரு சிறு கண்ணியிலும் தனித்தனியே ஓடுவதால் ஒலி மெலிதாகும். சங்கிலியைவிடத் தாலியின் குண்டு, கொக்கி முதலில் ஒலிக்கக்கூடும். காந்தத்தில் ஒட்டும் எஃகு ஒரு ரூபாய் நாணயத்தைக் கருவி இரும்பு என்றே காட்டலாம். வாங்குமுன் ஈர மணலில் சொந்த மோதிரத்தையும் சங்கிலியையும் நூலில் கட்டிப் புதைத்துச் சோதிப்பது, விளம்பரத்தில் சொல்லும் ஆழத்தைவிட நம்பகமானது. சாதாரணச் சுருளால் ஒரு நாணயத்தைச் சுமார் ஒரு சாண் ஆழம் வரை காணலாம்.

துளையிட்ட துருப்பிடிக்காத எஃகு அகப்பையும் காதில் மாட்டும் ஒலிபெருக்கியும் தேவை. வேலை முடிந்ததும் கருவியை நன்னீரில் கழுவ வேண்டும்.

சட்டமும் பொறுப்பும்

1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில், அவர்கள் வெளியிட்ட ஈய, செப்புக் காசுகள் புழங்கின. டேனியக் கோட்டை தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இத்தகைய இடங்களில் அனுமதியின்றித் தோண்டக் கூடாது. பழங்காசு கிடைத்த இடமும் அடுக்கும் தெரியாமல் போனால் அதன் வரலாற்றுச் சான்றில் பாதி அழிந்துவிடுகிறது.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருளாகும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

அண்மையில் தொலைந்த நகை புதையல் அன்று. அதற்கு உரியவர் இருக்கிறார். அவரைத் தேட நியாயமான முயற்சி செய்யாமல் வைத்துக்கொள்வது குற்றமாகும். அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே முறை. கரையில் அழுதுகொண்டு நிற்கும் ஒருவரிடம் அவருடைய தாலிச்சங்கிலி திரும்பச் சேர்வதே இக்கருவியின் சிறந்த பயன்.