கோலத்தில் ஒரு கணக்கு

பொங்கல் வந்தால் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் களைகட்டும், வீடுகளில் கோலம் மலரும். ஆயத்தொலைவு வரைபடம் பழக இதைவிட நல்ல பயிற்சி இல்லை. கட்டத்தாளின் நடுப்புள்ளி (0, 0). வலப்புறம் (3, 0), மேலே (0, 3), இடையில் (1, 1). (3, 0), (1, 1), (0, 3) என்ற வரிசையில் நேர்கோடுகளால் இணைத்தால் நட்சத்திரக் கோலத்தின் கால்பங்கு வந்துவிடும். மீதி முக்காலை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும்: இடப்புறம் போனால் முதல் எண்ணுக்கும், கீழே போனால் இரண்டாம் எண்ணுக்கும் கழித்தல் குறி. ஒரு குறி தவறினாலும் கோலம் கோணிவிடும். பிழையை ஆசிரியர் சுட்டவேண்டியதில்லை, கண்ணே காட்டிக்கொடுக்கும்.

இது வெறும் கைவேலைதானே என்று சிலர் கேட்கலாம். ஆனால் சென்னையின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலத்தைக் கணினியியல் இலக்கணமாகவே ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். சிக்குக்கோலம் புள்ளிகளைச் சுற்றி வளைவதால் இந்த ஆயத்தொலைவு முறைக்குள் எளிதில் அடங்காது என்பது உண்மை. அதனால்தான் நேர்கோட்டுக் கோலத்தில் தொடங்கவேண்டும். கோலம் அறியாத மாணவருக்கும் இது கடினமில்லை. எண்கள் எல்லாருக்கும் பொது. ஆசிரியர்களே, வரும் பொங்கலுக்கு ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள்.