பேட்மேன் உருவாகக் காரணமானவன்

பேட்மேனின் எதிரி என்றதும் ஜோக்கர்தான் நினைவுக்கு வருவான். ஆனால் கதை தொடங்கவே காரணமானவன் ஜோ சில் என்ற சாதாரண வழிப்பறிக்காரன். பின்னாளில் பேட்மேனாகும் சிறுவன் புரூஸ் வெய்னின் கண்ணெதிரே தாய் தந்தையைச் சுட்டுக் கொன்றவன். 1939 நவம்பரில், டிடெக்டிவ் காமிக்ஸ் 33-ஆம் இதழில் அந்தக் கொலை முதன்முதலில் வந்தபோது, கொலைகாரனுக்குப் பெயரே இல்லை. 1948-இல், பேட்மேன் 47-ஆம் இதழில்தான் பெயர் கிடைத்தது.

எழுத்தாளர் பில் ஃபிங்கரின் கைவண்ணம் அந்தக் கதையில் அபாரம்! சில்லைக் கண்டுபிடித்த பேட்மேனிடம், கொலையை நிரூபிக்கச் சான்று இல்லை. முகமூடியைக் கழற்றித் தான் யாரென்று காட்டிவிடுகிறான். வெலவெலத்துப்போன சில், தன் கூட்டாளிகளிடம் ஓடுகிறான். பேட்மேன் உருவானதே தன்னால்தான் என்று உளறிவிடுகிறான். பேட்மேனிடம் பட்டு நொந்திருந்த அவர்கள், ஆத்திரத்தில் அவனைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். பேட்மேனின் உண்மைப் பெயரைக் கேட்டிருக்கலாமே என்று பிறகுதான் உறைக்கிறது!

1989-இல் வந்த டிம் பர்ட்டனின் பேட்மேன் படம், புரூஸின் பெற்றோரைக் கொன்ற பழியை ஜோக்கர் மீதே போட்டது. முகம் தெரியாத ஒரு திருடன் செய்தான் என்பதில் உள்ள வலி அதில் இல்லை.